எட்டா, பத்தா, பதின்மூன்றா? டைல் வாங்கும் கணக்கு

(தோட்ட வீடமைப்புச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், பிள்ளை பராமரிப்பு நிலைய மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற்போன குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு ஓய்வு நாள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உடுப்புக் கழுவ வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் மேட்டு லயத்து அக்கா ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு துண்டுக் கடதாசி. முகம் சரியில்லை. "ஐயா, எங்க காம்பராவுக்கு டைல் போடப் போறோம். பத்துக்குப் பன்னெண்டு காம்பரா. கடைக்காரரு எட்டுப் பெட்டி போதும்னு எழுதிக் குடுத்தாரு. மேசன் பதிமூணு பெட்டி வேணும்னு எழுதிக் குடுத்தாரு. ரெண்டு பேருல யாரு எங்கள ஏமாத்துறாங்க, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. ஒரு பெட்டி 4,000 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எட்டுப் பெட்டி 32,000. பதின்மூன்று பெட்டி 52,000. இடையில் 20,000 ரூபா வித்தியாசம். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட பதினைந்து நாள் மலைக்குப் போன காசு. அந்த அக்கா கோபப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை.

நான் இரண்டு கடதாசியையும் வாங்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அக்கா, இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்குத் தேவை எட்டும் இல்லை, பதின்மூன்றும் இல்லை. பத்து."

அது எப்படி என்று சொல்வதுதான் இன்றைய பேச்சு. இந்தத் தோட்டத்தில் இப்போது பல வீடுகளில் டைல் பேச்சு நடக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறீர்கள். லயக் காம்பராவையே திருத்திக்கொண்டு இருப்பவர்கள் இருக்கிறீர்கள். சேமலாப நிதியில் வீட்டு வேலைக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்தவர்களும் இருக்கிறீர்கள். எல்லாம் திரும்ப வராத காசு. ஆகவே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நான் பட்ட பாடு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தெரிந்தவன் போல் உங்கள் முன்னால் நிற்கிறேன். ஆனால் இந்தக் கணக்கை நான் படித்தது தோற்றுப்போய்த்தான்.

நான் மலைநாட்டுப் பிள்ளை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். என் ஊர் புல்மோட்டை. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி எல்லாம் தாண்டி வடக்கே போக வேண்டும். அதற்கும் அப்பால் கொக்கிளாய்க் களப்பு. எங்கள் ஊர்க் கடற்கரை மண் வெள்ளையாக இராது, கறுப்பாக இருக்கும். அது சும்மா மண் இல்லை. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்று கனியங்கள் கலந்த மண். 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தது. அந்த மண்ணை அள்ளிப் பிரித்து, பெரும்பகுதியைக் கப்பலில் வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். என் வாப்பாவும் அந்த மண் வேலையில்தான் எங்களை வளர்த்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டைலின் மேல் வெள்ளையாக, கீழே உள்ள களிமண் நிறம் தெரியாமல் மூடி நிற்கிறதே ஒரு பூச்சு, அதற்குச் சிர்கோனை மாவாக அரைத்துப் போடுகிறார்கள். உலகம் முழுக்க டைல் பக்டரிகளில் அதுதான் பழக்கம். இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் பெயின்டுக்கு வெள்ளை எடுக்கிறார்கள். கறுப்பு மண்ணிலிருந்து வெள்ளை நிறம் வருகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் கரையையும் அடித்தது. பழைய வீடு போனது. பிறகு 500 சதுர அடியில் ஒரு வீடு கிடைத்தது. சீமெந்துத் தரை. வாப்பா மௌத்தான பிறகு உம்மா அந்த வீட்டிலேயே இருந்தார். முழங்கால் வருத்தம். சீமெந்துத் தரை ஈரம் கசிந்து குளிரும், வெடிப்புகளில் மண் ஏறும், கூட்டக் கூட்டத் தூசி வரும். "ஒரு டைல் போட்டுத் தா மகன், துடைச்சுவிட்டா முடிஞ்சிரும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2021இல்தான் என் கையில் காசு சேர்ந்தது.

முன்ஹோல் 12க்கு 15 அடி. உம்மாவின் அறை 10க்கு 12 அடி. இரண்டும் சேர்த்து 300 சதுர அடி. நான் வாங்கியது இரண்டடிக்கு இரண்டடி டைல். ஒன்று நாலு சதுர அடி, பெட்டியில் நாலு டைல், ஆகவே பெட்டிக்கு 16 சதுர அடி. 300ஐ 16ஆல் பிரித்தேன். 18.75 வந்தது. 19 பெட்டி வாங்கினேன். கால் பெட்டி மிச்சம் வரும் என்று சந்தோசப்பட்டேன்.

19 பெட்டியில் 76 டைல். லொறியில் ஒன்று உடைந்தது. வெட்டும்போது இரண்டு உடைந்தன. மிஞ்சியது 73. முன்ஹோல் முடிந்தது. உம்மாவின் அறையில் கடைசி வரிசைக்கு வந்தபோது டைல் தீர்ந்துவிட்டது. மேசன் எண்ணிப் பார்த்து எட்டு டைல் குறைகிறது என்றார்.

எட்டு டைல்தானே, ஓடிப்போய் இரண்டு பெட்டி வாங்கிவரலாம் என்று போனேன். அந்த நேரம் ஞாபகம் இருக்கிறதா? 2020இல் டொலர் தட்டுப்பாட்டால் டைல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். கடைகளில் சரக்கு இல்லை, இருந்ததும் விலை ஏறிவிட்டது. நான் வாங்கிய டைல் முடிந்துவிட்டது. திருகோணமலை டவுனிலும் தேடினேன். ஒரு இடத்தில் அதே பூப்போட்டது இருந்தது. ஒன்றை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நீலச் சாயல். கடையில் ஒன்றுபோலத் தெரிந்தது, தரையில் வைத்தபோது சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

ஜன்னல் பக்கம் பன்னிரண்டடி நீளத்துக்கு, இரண்டடிக்குக் கொஞ்சம் கூடிய அகலத்தில் பழைய சீமெந்து அப்படியே கிடந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். உம்மா சிரித்தார். "உங்கட வாப்பா மூட்டை மூட்டையாத் தூக்கினது இந்த மண்ணுதான். நமக்கு எட்டு டைலுக்கு வழியில்லாமப் போச்சு" என்றார். பிறகு தன்னுடைய பாயை எடுத்து அந்த இடத்தில் விரித்துக்கொண்டார். "இது என்ட இடம், விடு மகன்" என்றார்.

2022இல் நாடே வரிசையில் நின்றது. அந்த நேரம் டைலைப் பற்றி யார் நினைத்தார்கள்? அடுத்த வருடம் உம்மா மௌத்தாகிவிட்டார். அந்தத் துண்டுத் தரை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இப்போது கடை நிறைய டைல் இருக்கிறது. உம்மாதான் இல்லை.

குறை கடையில் இல்லை. மேசனிலும் இல்லை. கட்டுப்பாட்டைச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனமில்லை. கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் முதல் நாளே அந்த எட்டு டைலும் வீட்டுக்கு வந்திருக்கும். அதனால்தான் அந்த அக்காவின் கடதாசியைப் பார்த்தவுடன் மற்ற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இரண்டடி டைல் இரண்டடி இல்லை

நான் செய்த முதல் பிழை இதுதான். கடையில் இரண்டடி டைல் என்று பேசுவார்கள். பெட்டியைப் பாருங்கள், 60க்கு 60 சென்ரிமீற்றர் என்று போட்டிருக்கும். இரண்டடி என்றால் 61 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்தானே என்று நினைப்பீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்றாலும் ஒவ்வொரு டைலிலும் இரண்டு பக்கமும் அது குறைகிறது. 60 டைல் ஒன்று நாலு சதுர அடி இல்லை, 3.87 சதுர அடிதான். நாலு டைல் பெட்டி 16 இல்லை, பதினைந்தரைதான். பத்துப் பெட்டிக்கு ஐந்து சதுர அடி, அதாவது ஒரு டைலுக்கு மேல், அங்கேயே காணாமற் போய்விடும்.

இதில் ஒரு கதை இருக்கிறது. நம்முடைய லயங்களை வெள்ளைக்காரத் துரைமார் அடிக்கணக்கில் கட்டினார்கள். பத்தடி, பன்னிரண்டடி. இன்றைக்கு டைல் செய்பவர்கள், இலங்கையிலும் சரி, இந்தியாவிலே குஜராத் மாநிலத்து மோர்பியிலும் சரி, சீனாவிலும் சரி, மீற்றர்க் கணக்கில்தான் செய்கிறார்கள். அடியில் கட்டிய வீட்டுக்கு மீற்றரில் செய்த டைல் ஒருநாளும் ஒழுங்காகப் பொருந்தாது. ஓரத்தில் ஒரு கீலம் மிஞ்சத்தான் செய்யும். அந்தக் கீலம்தான் உங்கள் காசைத் தின்கிறது.

அக்காவின் காம்பரா

இப்போது அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவைப் பார்ப்போம். சென்ரிமீற்றரில் அது 305க்கு 366.

கடைக்காரர் என்ன செய்தார்? 10ஐயும் 12ஐயும் பெருக்கினார், 120. அதை 16ஆல் பிரித்தார், ஏழரை. எட்டுப் பெட்டி. நான் 2021இல் போட்ட அதே கணக்கு. அவர் பரப்பைப் பார்த்தார், வெட்டுவதைப் பார்க்கவில்லை.

மேசன் என்ன செய்தார்? அவர் வேலை அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். காம்பராவின் நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கச் சுவரோரமும் ஒரே அளவு துண்டு வரும்படி பதிக்க நினைத்தார். பெரிய ஹோலில் அதுதான் முறை. ஆனால் 305 சென்ரிமீற்றரில் அப்படிச் செய்தால், நடுவில் நாலு முழு டைல், இரண்டு ஓரத்திலும் 32 சென்ரிமீற்றர் அளவில் ஒவ்வொரு துண்டு. 60இல் 32ஐ வெட்டினால் மிச்சம் 28. அந்த 28 மற்றப் பக்க ஓரத்துக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழு டைல் போகிறது. நீளப் பக்கத்திலும் அதே கதை. ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 42 டைல். சுவரடிப் பட்டிக்கு 5. உடைவுக்கு 2. கூட்டினால் 49. பெட்டிக்கு நாலு என்றால் பதின்மூன்று பெட்டி.

நாங்கள் என்ன செய்தோம்? வாசற்பக்க மூலையிலிருந்து முழு டைலாகத் தொடங்கச் சொன்னோம். அப்போது அகலத்தில் ஐந்து முழு டைல், நீளத்தில் ஆறு முழு டைல். மொத்தம் 30. டைலுக்கு டைல் விடும் சின்ன இடைவெளியையும் கழித்தால் அகலத்தில் 4 சென்ரிமீற்றர், நீளத்தில் 5 சென்ரிமீற்றர் கீலம் மிஞ்சும். ஒரு டைலை நீள நீளமாக அரிந்தால் பத்துக்கு மேல் கீலம் கிடைக்கும். மெல்லிய கீலம் உடையும் என்பதால் அதற்கு இரண்டு டைல் வைத்தோம். ஆக 32. சுவரடிப் பட்டிக்கு 5. உடைவுக்கு 2. கூட்டினால் 39. பத்துப் பெட்டி வாங்கினால் 40.

கீலம் வரும் ஒரு பக்கத்தில் அலுமாரி நிற்கிறது. மற்றப் பக்கத்தில் கட்டில். சுவரடிப் பட்டியும் அந்தக் கீலத்தின் மேல் உட்கார்ந்து கொஞ்சத்தை மறைத்துவிடும். வாசலால் வருகிறவர் கண்ணுக்கு முழு டைல்தான் தெரியும்.

கவனியுங்கள். ஒரே காம்பரா, ஒரே டைல். எட்டும் வருகிறது, பத்தும் வருகிறது, பதின்மூன்றும் வருகிறது. எத்தனை டைல் என்பது தரையின் பரப்பில் மட்டும் இல்லை, எங்கே தொடங்கி எப்படிப் பதிக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஆகவே எப்படிப் பதிப்பது என்று மேசனோடு பேசி முடிக்காமல் கடைக்குப் போகாதீர்கள். இதைத்தான் இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பத்துப் பெட்டி வாங்கி வைத்துவிட்டு, மேசன் நடுவிலிருந்து தொடங்கினால் மூன்று பெட்டி குறையும். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டிய கணக்கு

இப்போது முறையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு நாடாவை எடுத்துச் சென்ரிமீற்றரில் அளவுங்கள், அடியில் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடத்தில் அளவுங்கள்: இந்த ஓரம், நடு, அந்த ஓரம். லயத்துச் சுவர் நேராக இருக்காது. ஓர் ஓரத்தில் 305 இருக்கும், மறு ஓரத்தில் 309 இருக்கும். கூடின அளவைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளையின் சதுரக் கோட்டுக் கணக்குக் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். ஒரு சதுரம் ஒரு டைல். காம்பராவை அதில் கீறுங்கள். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, அடுப்புத் திண்ணை எங்கே என்று குறியுங்கள். முழுச் சதுரத்தை எண்ணுங்கள். பிறகு வெட்ட வேண்டிய சதுரங்களை எண்ணுங்கள். வெட்டும் துண்டு பாதி டைலை விடப் பெரிது என்றால் துண்டுக்கு ஒரு டைல். பாதியை விடச் சிறிது என்றால் ஒரு டைலில் இரண்டு துண்டோ அதற்கு மேலோ எடுக்கலாம். சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைக்கு இது அரை மணித்தியால வேலை. அவர்களிடம் கொடுங்கள், படித்தது வீட்டுக்கு உதவட்டும்.

மூன்றாவது, அறைக்கும் அறைக்கும் இடையில் நிலைக்குக் கீழே உள்ள இடத்தை மறக்காதீர்கள். சுவரின் தடிப்பு அளவுக்கு அங்கேயும் டைல் வேண்டும். இஸ்தோப்புப் படி இருந்தால் அதன் மேலும் முகப்பும் வேறாக எண்ண வேண்டும். அடுப்புத் திண்ணை கட்டிய இடத்தைக் கழித்துவிடலாம்.

நாலாவது, சுவரடிப் பட்டி. மேசன்மார் ஸ்கேட்டிங் என்பார்கள். காம்பராவைச் சுற்றி அளந்து, கதவின் அகலத்தைக் கழியுங்கள். அக்காவின் காம்பராவுக்குச் சுற்றளவு 1,342, கதவு 90 கழித்தால் 1,252 சென்ரிமீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் உயரப் பட்டி என்றால் ஒரு 60 டைலில் ஐந்து பட்டி எடுக்கலாம், 300 சென்ரிமீற்றர் நீளம். ஆறு பட்டி வருமே என்று கேட்பீர்கள். வெட்டும் தகடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தின்னும், ஆறாவது பட்டி குட்டையாகிவிடும். 1,252ஐ 300ஆல் பிரித்தால் நாலுக்கு மேல். ஆகவே ஐந்து டைல். பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு சீமெந்தில் பூசி முடிக்கிறார்கள்.

ஐந்தாவது, உடைவு. ஒரு சின்னக் காம்பராவுக்கு இரண்டு டைல். முழு வீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து. நமக்கு லொறி பெரிய ரோட்டில் நின்றுவிடும். 60 டைல் பெட்டி ஒன்று 30 கிலோ அளவில் இருக்கும். படி ஏறி லயத்துக்குத் தூக்க வேண்டும். கொழுந்துச் சாக்கு மாதிரி தொப்பென்று போட்டால் மூலை போய்விடும். பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மூலை உடைந்த டைலை வீசாதீர்கள், ஓரத்துத் துண்டுக்கும் பட்டிக்கும் அது உதவும். டைலைச் சாய்த்து மூலைவிட்டமாகப் பதிக்க ஆசைப்பட்டால் நூற்றுக்குப் பதினைந்தாவது கூட்ட வேண்டும். என் யோசனை, அந்த ஆசை வேண்டாம்.

ஆறாவது, எல்லாவற்றையும் கூட்டிப் பெட்டிக் கணக்கு ஆக்குங்கள். பெட்டியில் எத்தனை டைல் என்று பெட்டியைப் பார்த்தே எழுதுங்கள். 60 டைல் பெரும்பாலும் நாலு வரும், சின்ன டைல் கூடுதலாக வரும். கணக்கு ஒன்பதே கால் என்று வந்தால் பத்து. ஒன்பதாக இறக்கக் கூடாது.

புதிய வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. 550 சதுர அடி வீடு என்று சொல்லி, 550ஐப் பதினைந்தரையால் பிரித்து 36 பெட்டி என்று வாங்கிவிடாதீர்கள். வரைபடத்தில் எழுதும் பரப்பில் பெரும்பாலும் சுவர் நிற்கும் இடமும் அடங்கியிருக்கும். குளியலறைக்கு அதே டைல் போட மாட்டீர்கள். அறை அறையாக அளந்து, அறை அறையாக எண்ணுங்கள். ஓர் அறையில் மிஞ்சும் துண்டு இன்னோர் அறைக்கு உதவும்.

சின்ன அறைக்குச் சின்ன டைல் நல்லதா என்றும் கேட்கிறீர்கள். மேசன் நடுவிலிருந்துதான் பதிப்பேன் என்று நின்றால், ஆம். அதே பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு 40க்கு 40 டைலை நடுவிலிருந்து பதித்தால் 80 டைல் போகும், அது 12.8 சதுர மீற்றர். 60 டைலில் 42 போகும், அது 15 சதுர மீற்றருக்கு மேல். தரை என்னவோ பதினொன்றேகால் சதுர மீற்றருக்கும் குறைவு. சின்ன டைலில் வீண் குறைவு. ஆனால் கூலியையும் கேட்டுப் பாருங்கள், சின்ன டைலுக்கு நேரம் கூடப் போகும்.

கடையில் பார்க்க வேண்டியது

எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில், ஒரே தடவையில் வாங்குங்கள். இந்த மாதம் ஐந்து, அடுத்த மாதம் ஐந்து என்று வாங்குவது டைலில் சரிவராது. காரணம் சொல்கிறேன். டைல் என்பது களிமண்ணைச் சூளையில் சுட்டு எடுப்பது. ரொட்டி சுடுவது மாதிரித்தான். அதே மா, அதே கை, ஆனாலும் ஒரு ரொட்டி போல் இன்னொன்று சிவக்குமா? ஒரு தடவை சுட்டதும் அடுத்த தடவை சுட்டதும் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசப்படும். அளவிலும் ஒரு மயிரிழை கூடிக் குறையும். அதனால்தான் பெட்டியின் பக்கத்தில் நிறத்துக்கு ஓர் இலக்கம், அளவுக்கு ஓர் இலக்கம், தொகுதி இலக்கம் என்று அச்சடித்திருப்பார்கள். எல்லாப் பெட்டியிலும் அந்த இலக்கங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். லொறியில் ஏற்ற முன் நீங்களே நின்று பாருங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

திறக்காத பெட்டி மிஞ்சினால் திருப்பி எடுப்பீர்களா என்று கேளுங்கள். எடுப்போம் என்றால் எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச் சொல்லை ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். எழுதித் தருகிற கடையில் ஒரு பெட்டி கூட வாங்குவதற்குப் பயப்பட வேண்டாம்.

வேலை முடிந்து மூன்று நாலு டைல் மிஞ்சினால் விற்காதீர்கள், பூச்சட்டிக்குக் கீழே வைக்கவும் வேண்டாம். கட்டிலுக்குக் கீழே வையுங்கள். நாளைக்குத் தண்ணீர்க் குழாய் உடைந்து தரையைக் கொத்த வேண்டி வரலாம். அம்மிக்கல் விழலாம். அந்த நேரம் அதே நிற டைல் எந்தக் கடையிலும் இருக்காது, உங்கள் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும். பெட்டியில் இலக்கம் உள்ள துண்டையும் வெட்டி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

இன்னும் ஒரு விசயம். கடையில் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னுகிற டைலைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நம் ஊர் மழை ஊர். செருப்பில் ஈரத்தோடுதான் வீட்டுக்குள் வருகிறோம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில், இஸ்தோப்புக்கும் அடுப்படிக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான டைலையே கேட்டு வாங்குங்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் டைல் போட்ட காசைப் போல் பல மடங்கு போகும்.

முடிவாக

அந்த அக்கா பத்துப் பெட்டி வாங்கினார். மேசனை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிள்ளை கீறிய சதுரத் தாளை வைத்துக்கொண்டு பேசினோம். மேசன் நல்ல மனிதர். "இந்தக் காம்பராவுக்கு இது போதும், கீலத்தை அலுமாரிப் பக்கம் தள்ளிடுறேன்" என்று அவரே சொன்னார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒரு டைல் உடைந்தது. இரண்டு டைல் மிச்சம். பதின்மூன்று பெட்டி வாங்கியிருந்தால் 12,000 ரூபா கூடப் போயிருக்கும், ஒன்பது நாள் சம்பளம். எட்டுப் பெட்டி வாங்கியிருந்தால் என் உம்மாவின் அறை மாதிரி ஆகியிருக்கும்.

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நமக்கு வீட்டை அளந்து கொடுத்தது வேறு யாரோ. பத்தடி என்றால் பத்தடி, பன்னிரண்டடி என்றால் பன்னிரண்டடி. நாம் அளந்து, நாம் எண்ணி, நாம் விரும்பியதை வாங்கிப் பதிக்கிற காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. அளவு நாடாவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்காதீர்கள்.

டைல் போடப் போகிறவர்கள் கடைக்குப் போக முன் ஒரு தடவை அலுவலகத்துக்கு வாருங்கள். சதுரத் தாளும் அளவு நாடாவும் மேசையில் வைத்திருக்கிறேன். சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.